அத்தியாயம் 6: ரோப் காருக்கு எத்தனை சோதனை?

ஆனி, ஆடி மாதங்களில் பழனியிலிருந்து வரும் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: பலத்த காற்றால் ரோப் கார் நிறுத்தம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உடுமலை, பழனி வட்டாரத்தில் எப்படி வீசும் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்தில் வரிசையில் நின்றவர் அலுத்துக்கொண்டே விஞ்ச் பக்கம் போவார், இல்லையென்றால் படியேறுவார். சோதனை எழுத உட்கார்ந்த நமக்கோ அந்த ஒரு வரிக்குள் ஏகப்பட்ட கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு காற்று? எவ்வளவு நேரம் வீசினால்? நிறுத்தியது ஆளா, இயந்திரமா? நிறுத்து என்று சொன்னதற்கும் நின்றதற்கும் இடையே எத்தனை நொடி? அந்த நொடிகளில் பெட்டிகள் எந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தன?

முந்தைய அத்தியாயங்களில் பஞ்சாமிர்தக் கடையின் பில் போடும் மென்பொருளைச் சோதித்தோம். அது இரண்டு நொடி தாமதித்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். தொகை சரியாக வந்தால் மறந்துவிடுவார். பிரேக்குக்குக் கட்டளை கொடுக்கும் மென்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டளை சரியாகவே இருந்தாலும் கெடு தாண்டி வந்தால் அது தவறான விடை. நிகழ்நேர மென்பொருள், பேச்சு வழக்கில் ரியல் டைம், என்பதன் பொருள் இவ்வளவுதான். வேகமாக ஓட வேண்டும் என்பதல்ல. சொன்ன கெடுவுக்குள் ஒவ்வொரு முறையும் முடிக்க வேண்டும். கெடு ஐந்து நிமிடமாகக்கூட இருக்கலாம்.

பழனி மலைக்கோயிலுக்கு விஞ்ச் 1966 முதலும் ரோப் கார் 2004 முதலும் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. 2007-இல் ரோப் கார் விபத்தில் உயிர்கள் போயின. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இந்த அத்தியாயத்தில் நாம் சோதிக்கப்போவது பயிற்சிக்காக நாமே தாளில் எழுதிக்கொள்ளும் ஒரு ரோப் கார் மென்பொருளைத்தான். அதன் எண்களெல்லாம் நாம் வைத்தவை, பழனியில் ஓடும் இயந்திரத்தினுடையவை அல்ல. தாளில் இருந்தாலும் பெட்டிக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

முதலில் விதிகள். காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் தொடர்ந்து 3 நொடி இருந்தால், அடுத்த 500 மில்லிநொடிக்குள் வேகத்தைக் குறைக்கும் கட்டளை போக வேண்டும். இது விதி 1. காற்று 15 மீட்டரைத் தாண்டினால் 200 மில்லிநொடிக்குள் நிறுத்தக் கட்டளை, விதி 2. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 100 மில்லிநொடிக்குள் நிறுத்தக் கட்டளை, விதி 3. காற்று சென்சார் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை அளவு அனுப்பும், அடுத்தடுத்து மூன்று அளவுகள் வராவிட்டால் சென்சார் பழுது என்று எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும், விதி 4. காற்றால் நின்றபின், 5 நிமிடம் தொடர்ந்து 10 மீட்டருக்குள் அடங்கினால்தான் மறுபடி ஓட்ட அனுமதி, விதி 5.

இந்த ஐந்திலும் ‘உடனே’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நான் முதன்முதலாக வேலை பார்த்த இடத்தில் ஒரு நீரேற்று நிலையத்துக்கான தேவைப் பட்டியலில் ‘உடனே’ பதினோரு இடத்தில் இருந்தது. மின்பொறியாளருக்கு உடனே என்றால் 20 மில்லிநொடி. மென்பொருள் எழுதியவருக்கு அடுத்த சுற்று, அதாவது ஒரு நொடி. மேலாளருக்கு அன்று சாயங்காலத்துக்குள். மூவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உடனே, விரைவாக, தேவைப்பட்டால் போன்ற சொற்கள் இருக்கும் விதிக்கு டெஸ்ட் கேஸ் எழுத முடியாது. எழுதாதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

எல்லைக்கோடு இரண்டு

சாதாரண மென்பொருளில் எல்லை மதிப்புகளைச் சோதிக்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். 10 என்பது எல்லை என்றால் 9.9, 10.0, 10.1. விதி 1-க்கு அது போதாது, ஏனென்றால் அதற்கு நேரத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. 10.1 மீட்டர் காற்று 2.9 நொடி வீசி அடங்கினால் ஒன்றும் நடக்கக் கூடாது. 3.1 நொடி வீசினால் வேகம் குறைய வேண்டும். சரியாக 3.0 நொடி? இங்கேதான் முதல் சண்டை வரும்.

சென்சார் 100 மில்லிநொடிக்கு ஒரு அளவு தருகிறது. 3 நொடி என்றால் எத்தனை அளவுகள்? 30 என்று வாய் தானாகச் சொல்லும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். முதல் அளவுக்கும் முப்பதாவது அளவுக்கும் இடையே இருப்பது 29 இடைவெளிகள், அதாவது 2.9 நொடிதான். 3 நொடி முழுக்க ஆக 31-ஆவது அளவு வர வேண்டும். வேலிக்கு எத்தனை கம்பம் என்று பள்ளியில் போட்ட அதே கணக்கு. நிரல் எழுதியவர் 30 என்று வைத்திருந்தால் ரோப் கார் சற்று முன்னதாகவே வேகம் குறையும், ஆபத்தில்லை. ஆனால் இதே தவறு விதி 5-இல் நடந்தால் சற்று முன்னதாகவே ஓட அனுமதி கிடைக்கும். ஒரே பிழை ஒரு விதியில் பாதுகாப்பின் பக்கம் சாய்கிறது, இன்னொன்றில் ஆபத்தின் பக்கம். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக டெஸ்ட் கேஸ் வேண்டும். ஒன்று தேறிவிட்டது என்பதால் மற்றதை விட்டுவிடக் கூடாது.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். மலைக்காற்று விசிறிக் காற்று மாதிரி ஒரே சீராக வீசாது. விட்டு விட்டு அடிக்கும். 11 மீட்டர் வேகத்தில் 2.9 நொடி, ஒரே ஒரு அளவில் மட்டும் 9.8, மறுபடி 11-இல் 2.9 நொடி, மறுபடி ஒரு 9.8. இப்படியே பத்து நிமிடம் வீசினால் நம் விதி 1 ஒருமுறைகூட விழித்துக்கொள்ளாது. எழுத்துப்படி மென்பொருள் சரி. பெட்டியில் இருப்பவருக்கு வயிறு கலங்கும். இந்த டெஸ்ட் கேஸை ஓட்டித் தேர்ச்சி போடுவதா, தோல்வி போடுவதா? இரண்டும் வேண்டாம். இது விதியில் உள்ள ஓட்டை, எழுதியவரிடம் கேள்வியாகப் போக வேண்டும். என் அனுபவத்தில் நல்ல டெஸ்ட் கேஸ்களில் பாதி நிரலை ஓட்டுவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகின்றன.

அடுத்து, கெடு எங்கிருந்து தொடங்குகிறது? ஓர் அளவு எடுத்து முடிந்த மறுகணம் காற்று எகிறினால், சென்சாருக்கே அது தெரிய அடுத்த 100 மில்லிநொடி ஆகும். விதி 2-இன் 200 மில்லிநொடி காற்று எகிறிய கணத்திலிருந்தா, சென்சார் சொன்ன கணத்திலிருந்தா? முதலாவது என்றால் பாதிக் கெடு காத்திருப்பதிலேயே போய்விட்டது. ஆகவே காற்று எகிறும் கணத்தை அளவெடுக்கும் கணத்தோடு ஒட்டியும், 1 மில்லிநொடி தள்ளியும், 50 தள்ளியும், 99 தள்ளியும் வைத்து நான்கு கேஸ்களாவது எழுதுங்கள். கடைசி மூன்றில் எது மோசம் என்று ஓட்டுவதற்கு முன்பே கணித்து ஓரத்தில் குறித்துவையுங்கள்.

காலியாக இருக்கும் கட்டங்கள்

இப்போது ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் ரோப் கார் இருக்கக்கூடிய நிலைகள்: நிற்கிறது, ஆள் ஏறுகிறது, ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது, நிற்கப்போகிறது, பழுது. மேலே நடக்கக்கூடிய நிகழ்வுகள்: காற்று கூடியது, காற்று மிகக் கூடியது, காற்று அடங்கியது, சென்சார் மௌனம், சிவப்புப் பொத்தான், ஓட்டு பொத்தான், மின்சாரம் போனது. ஆறு நிலை, ஏழு நிகழ்வு, 42 கட்டம். ஒவ்வொன்றிலும் அடுத்து எந்த நிலைக்குப் போக வேண்டும், எத்தனை மில்லிநொடிக்குள் என்று நிரப்புங்கள்.

முதல் சுற்றில் இருபது கட்டம் எளிதாக நிரம்பும். மீதியில் பேனா தயங்கும். ‘நிற்கப்போகிறது’ நிலையில் ஆபரேட்டர் ‘ஓட்டு’ பொத்தானை அழுத்தினால்? ‘பழுது’ நிலையில் காற்று அடங்கினால் அனுமதி தானாகத் திரும்புமா? அப்படி நடக்காது என்று யாராவது சொல்வார்கள். நடக்கும். எழுதியவர் யோசிக்காத கட்டத்தில்தான் பிழை குடியிருக்கும். அதனால் தயங்கிய கட்டங்களையே முதலில் சோதியுங்கள்.

பொத்தானை அழுத்தும் கைக்கும் ஒரு வேகம் உண்டு. 1985-க்கும் 1987-க்கும் இடையே தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அதன் பிழைகளில் ஒன்று, பழகிய ஆபரேட்டர் தட்டச்சில் செய்த திருத்தத்தை எட்டு நொடிக்குள் முடித்தால் மட்டுமே தலைகாட்டியது. காந்தங்கள் நிலைக்கு வர ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுத்தது. அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. நிதானமாகத் தட்டிப் பார்த்தவர்களிடம் அது அகப்படவில்லை. எனவே நிகழ்வுகளை ஜோடியாக்குங்கள்: காற்று மிகக் கூடிய 10, 50, 150 மில்லிநொடிகளில் சிவப்புப் பொத்தான், பிறகு வரிசையை மாற்றி, பொத்தானுக்குப் பின் காற்று. ஒன்றன் கெடு முடியுமுன் இன்னொன்று வந்து விழ வேண்டும் என்பதே கணக்கு.

81-ஐ ஒன்பதாக்குவது

நிகழ்வுகளோடு சூழ்நிலைகளும் சேர்ந்தால் எண்ணிக்கை கட்டுக்கடங்காது. நான்கு சூழ்நிலைகளை மட்டும் எடுப்போம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வகை. ஏற்றம்: இரு பக்கமும் காலி, ஏறுவது நிறைந்து இறங்குவது காலி, இறங்குவது நிறைந்து ஏறுவது காலி. காற்று: அமைதி, விட்டு விட்டு, புயல். மின்சாரம்: ஈபி லைன், ஜெனரேட்டர், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் தருணம். சென்சார்: சரி, தாமதம், மௌனம். எல்லாச் சேர்க்கையும் 81. ஆனால் எந்த இரண்டு சூழ்நிலைகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டால் ஒன்பது வரிகளே போதும். இதை ஜோடிச் சோதனை என்பார்கள். ஒன்பது வரிகளைத் தேர்ந்து தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, கையாலும் போடலாம்.

ஒன்பது வரி கிடைத்ததும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு சேர்ந்தால் வரும் பிழையை இது பிடிக்கும். மூன்று சேர்ந்தால் மட்டும் வருவதைப் பிடிப்பது அதிர்ஷ்டம். மலையில் எந்த மூன்று சேரும் என்று கருவிக்குத் தெரியாது, அங்கே நிற்பவருக்குத் தெரியும். இரவு தங்கத்தேர் பார்த்துவிட்டுக் கூட்டம் மொத்தமாக இறங்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் பெட்டிகள் நிறைந்து, ஏறுபவை காலியாக இருந்தால் மோட்டார் கயிற்றை இழுப்பதில்லை. கயிறுதான் மோட்டாரை இழுக்கிறது, மோட்டாரின் வேலை பிடித்து நிறுத்துவது. அந்த நேரத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறுகிறது, கூடவே காற்றும் அடிக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பத்தாவது வரியாக நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஆபரேட்டர் அறையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பதினொன்றாவது, பன்னிரண்டாவது வரிகளும் கிடைக்கும். வேறெந்தக் கருவிக்கும் செலவழிப்பதைவிட இது மலிவு.

கடிகாரத்தை யார் கையில் கொடுப்பது

பழனியில் ஆண்டுப் பராமரிப்பு முடிந்ததும் எடுத்த எடுப்பில் ஆள் ஏற்றுவதில்லை. பெட்டிகளில் எடைக்கற்களை வைத்துச் சோதனை ஓட்டம் நடக்கும், பிறகே பக்தர்கள். மென்பொருளுக்கும் அதே படிக்கட்டு வேண்டும். முதலில் உங்கள் கணினியில் போலிச் சென்சார், போலிக் கடிகாரத்தோடு. அடுத்து உண்மையான கட்டுப்பாட்டுப் பலகையில், போலிச் சென்சாரோடு. பிறகு உண்மை இயந்திரத்தில் எடைக்கற்களோடு.

போலிக் கடிகாரம் பெரிய வசதி. விதி 5-இன் ஐந்து நிமிடத்தை ஒரே நொடியில் ஓட்டிவிடலாம், 4 நிமிடம் 59.9 நொடியில் ஒரு காற்றை வீசச் செய்யலாம். ஆனால் அந்தக் கடிகாரம் நீங்கள் தள்ளினால்தான் நகரும் என்பதை மறக்கக் கூடாது. நிரல் கணக்குப் போட எடுக்கும் உண்மையான நேரம் அதில் பூஜ்யம். அங்கே எல்லாக் கெடுவும் தேறும். ஆகவே தர்க்கத்தை அங்கே சோதியுங்கள். கெடுவைப் பலகையில் மட்டும் சோதியுங்கள்.

பலகையில் அளக்கும்போது லாக் எழுதி நேரம் பார்ப்பது எல்லோரும் செய்யும் காரியம். லாக் எழுதுவதற்கே நேரம் ஆகும். லாக் இருந்தால் வராத பிழை எடுத்ததும் வரும், அல்லது நேர்மாறாக. பொத்தானின் கம்பியிலும் பிரேக் ரிலேயின் கம்பியிலும் அளவுகருவியை மாட்டி, வெளியிலிருந்து நேரத்தைப் பிடியுங்கள். ஆயிரம் முறை ஓட்டுங்கள். அறிக்கையில் சராசரி எழுதாதீர்கள். சராசரி 40 மில்லிநொடி, ஒரே ஒரு முறை 130 என்றால், 100 மில்லிநொடிக் கெடு உள்ள விதி 3 தோற்றுவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்துபவர் ஆயிரம் முறை அழுத்தப்போவதில்லை.

நீண்ட ஓட்டத்துக்கென்று ஒரு தனி வகைப் பிழை உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அது நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் துளித் துளியாகச் சேர்ந்த பிழை 100 மணி நேர ஓட்டத்துக்குப்பின் ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகியிருந்தது. ஸ்கட் அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

நம் மென்பொருள் மில்லிநொடிகளை 32 பிட் எண்ணில் எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். 49.7 நாளில் அந்த எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். ரோப் காருக்கு மாதம் ஒருநாள் பராமரிப்பு உண்டு. அன்று பலகையும் அணைக்கப்பட்டால் இந்தப் பிழை வருடக்கணக்கில் வெளியே வராது. என்றோ ஒரு மாதம், பங்குனி உத்திரக் கூட்டத்துக்காகப் பராமரிப்பைத் தள்ளிவைத்தால் அன்று வரும். ஐம்பது நாள் காத்திருந்து சோதிக்க வேண்டியதில்லை. எண்ணும் பெட்டியை நிரம்புவதற்கு ஐந்து நொடி முன்னால் வைத்துத் தொடங்குங்கள். அந்த ஐந்தாவது நொடியைத் தாண்டிக் காற்றை வீசவிடுங்கள்.

கொடைக்கானலில் கிடைக்கும் சோதனைத் தரவு

பழனியிலிருந்து மலையேறினால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-இல் தொடங்கிய இடம். 1904 முதல் வெண்ணொளியிலும், 1907 முதல் கால்சியம் கதிரிலும் சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இப்போது அவை டிஜிட்டலாகிவிட்டன. சூரியப் படத்தைப் பார்த்துத் தானாக முடிவெடுக்கும் மென்பொருள் எழுதுபவருக்கு இது புதையல். கரும்புள்ளி மிகுந்த ஆண்டு, ஒன்றுமே இல்லாத ஆண்டு, பாதி மேகம் மறைத்த படம், கீறல் விழுந்த தட்டு என எல்லாம் இருக்கும். கற்பனையில் செய்யும் தரவு இவ்வளவு அழுக்காக இருக்காது.

அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் வெல்க் கருவியையும் உருவாக்கியது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அந்தக் கலத்திலிருந்து எல்லாப் படத்தையும் பூமிக்கு அனுப்ப முடியாது. சூரியனிலிருந்து பிழம்பு வெடித்துக் கிளம்புவதைக் கருவியே கண்டுபிடித்து, வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு நிரல்முறையை வடிவமைத்தார்கள். அதைச் சோதித்த வழி நமக்குப் பாடம்: கணினியில் செயற்கையாக வரைந்த வெடிப்புகள் ஒரு பக்கம், பிற கருவிகள் முன்பே எடுத்துவைத்த உண்மைப் படங்கள் இன்னொரு பக்கம். செயற்கைப் படத்தில் சரியான விடை நமக்கு முன்பே தெரியும், ஏனென்றால் வரைந்தது நாமே. உண்மைப் படத்தில் நாம் நினைத்துப் பார்க்காத கோளாறு இருக்கும். ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ள முடியாது.

பழைய பதிவை ஓட்டும்போது ஓர் எச்சரிக்கை. நாளுக்கு ஒன்றிரண்டாக எடுத்த தட்டுகள் மதிப்பைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. கெடுவைச் சோதிக்க, ஒவ்வோர் அளவும் வந்த கணத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். மறுபடி ஓட்டும்போது அதே இடைவெளிகளில் ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஒருநாள் காற்றுப் பதிவு கையில் இருந்தால் அதிலிருந்து பல கேஸ்களைப் பிரிக்கலாம். ஓர் அளவைத் தாமதியுங்கள். இரண்டை விழுங்குங்கள், மூன்றை விழுங்கினால் விதி 4 விழிக்க வேண்டும், இரண்டுக்கு விழிக்கக் கூடாது. ஒரே அளவை இருமுறை அனுப்புங்கள். இரண்டை இடம் மாற்றுங்கள். கடைசியாக, ஒரே எண்ணை மணிக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருங்கள். காற்றுமானியின் கிண்ணம் சிக்கிக்கொண்டால் சென்சார் மௌனமாகாது, பொய் சொல்லும். நம் ஐந்து விதிகளில் எதுவும் அதைப் பிடிக்காது.

பயிற்சி

பழனி–கொடைக்கானல் மலைப்பாதையில் மண் சரிந்து ஒருவழியான ஓர் இடம். இரு முனையிலும் தானியங்கி சிக்னல், வாகனத்தை எண்ணும் சென்சார். உள்ளே போன அத்தனை வாகனமும் வெளியே வந்தபிறகே எதிர்ப்பக்கம் பச்சை விழ வேண்டும். முதலில் ‘வந்தபிறகே’ என்பதற்குக் கெடு எழுதுங்கள். அடுத்து நிலைகள், நிகழ்வுகள் கட்டத்தைப் போடுங்கள். மூடுபனியில் சென்சார் ஒரு பைக்கைத் தவறவிட்ட கேஸ், பின்னால் வந்த பஸ்ஸோடு ஒட்டிப்போன ஜீப்பை ஒன்றாக எண்ணிய கேஸ், உள்ளே போன கார் ஒன்று படமெடுக்க நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போன கேஸ் ஆகிய மூன்றும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். மூன்றாவது கேஸில் சிக்னல் எத்தனை நிமிடம் காத்திருக்கும் என்பதற்கு விடை எழுதியபின் அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.